மெகர் பயமுறுத்திய இடமும் மெகர் காணாத இடமும்: 11 கிலோவோல்ட் ஜெனரேட்டர் ஒன்றின் காப்பு ஆய்வு

நீர்மின் நிலையம் ஒன்றின் செங்குத்து ஜெனரேட்டர் அது. திறன் 20 எம்.வி.ஏ., மின்னழுத்தம் 11 கிலோவோல்ட், மூடிய காற்றுச் சுழற்சியில் குளிரும் வகை. சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் வைண்டிங்கில் (செம்புச் சுற்றில்) எபாக்சி பிசினும் மைக்காவும் சேர்ந்த எஃப் வகுப்புக் காப்பு. டர்பைன் பராமரிப்புக்காக நீண்ட காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். மீண்டும் ஓட்டுவதற்கு முன் மூன்று ஃபேஸ்களையும் சேர்த்து, காப்பு மின்தடையை அளக்கும் கருவியான மெகரில் 5,000 வோல்ட்டில் பார்த்தபோது ஒரு நிமிட அளவு 18 மெகாஓம் என்றும், பத்து நிமிட அளவு 20 மெகாஓம் என்றும் வந்தன. வைண்டிங்கின் வெப்பநிலை அப்போது 28 டிகிரி செல்சியஸ்.

நான் அழைக்கப்பட்டபோது நிலையத்தில் இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. வைண்டிங் போய்விட்டது, புதிதாகச் சுற்றத்தான் வேண்டும் என்றது ஒன்று. கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் வரும் குறைந்தபட்ச அளவு 12 மெகாஓம், நம்மிடம் 18 இருக்கிறது, தாராளமாக ஓட்டலாம் என்றது மற்றொன்று. இரண்டுமே தவறு. ஆனால் இந்த ஆய்வை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த 18 மெகாஓம் இல்லை. அதைச் சரிசெய்த பிறகு வந்த அருமையான அளவை நம்பி எல்லோரும் மூடியைப் பூட்டத் தயாரானார்களே, அந்தக் கட்டம்தான் காரணம்.

அந்த 18 மெகாஓம் சொன்னது என்ன

கிலோவோல்ட்டோடு ஒன்று என்பது ஏறத்தாழ 1970க்கு முன் செய்யப்பட்ட வைண்டிங்குகளுக்கான விதி. அதற்குப் பின் வந்த, முன்கூட்டியே வடிவமைத்த காயில்களைக் கொண்ட உயர் மின்னழுத்த வைண்டிங்குகளுக்கு ஐ.இ.இ.இ. 43 தரநிலை கேட்பது 100 மெகாஓம். அதுவும் 40 டிகிரிக்குத் திருத்திய ஒரு நிமிட அளவாக இருக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் காப்பு மின்தடை பாதியாகிறது என்பது புழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. அதன்படி 28 டிகிரியில் எடுத்த 18 மெகாஓம், 40 டிகிரியில் 8 மெகாஓமைக்கூட எட்டாது. பழைய விதிப்படியே பார்த்தாலும் இந்த இயந்திரம் தேறவில்லை. திருத்தாத அளவை விதியோடு ஒப்பிட்டதுதான் இரண்டாம் கட்சிக்குத் தைரியம் கொடுத்திருந்தது.

முதல் கட்சியின் முடிவுக்கும் ஆதாரம் இல்லை. மெகரின் நேர்மின்னழுத்தத்தில் பாயும் மின்னோட்டம் நான்கு வகை. வைண்டிங்கை மின்தேக்கிபோல நிரப்பும் மின்னோட்டம் சில நொடிகளில் அடங்கிவிடும். காப்புப் பொருளுக்குள் மெல்ல உறிஞ்சப்படும் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் தேயும். மேற்பரப்பில் கசிவதும் காப்பின் உடல் வழியே கடத்தப்படுவதும் மாறாமல் நிற்கும். நல்ல மைக்காக் காப்பில் உறிஞ்சும் மின்னோட்டமே மேலோங்கியிருக்கும். அதனால்தான் பத்தாவது நிமிட அளவு முதல் நிமிட அளவைவிடப் பல மடங்கு உயர்கிறது. இந்த விகிதமே பி.ஐ. எனப்படும் போலரைசேஷன் இண்டெக்ஸ். எஃப் வகுப்புக் காப்புக்கு அது குறைந்தது 2 இருக்க வேண்டும். இங்கே 1.1. அதாவது மாறாத கசிவு மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டது. எங்கே கசிகிறது என்று இந்த எண் சொல்லாது.

எனவே முதல் வேலை பிரித்துப் பார்ப்பது. வெளியே போகும் பஸ்பார், மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர்கள், சர்ஜ் கெபாசிட்டர், இடிதாங்கி, நியூட்ரல் பக்க டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் கழற்றியதும் அதே வைண்டிங் 46 மெகாஓம் காட்டியது. கசிவில் பாதிக்கு மேல் ஜெனரேட்டருக்கு வெளியே, ஈரம் படிந்த பஸ்பார் தாங்கிகளில் இருந்தது! பிறகு மூன்று ஃபேஸ்களும் ஒன்றுசேரும் ஸ்டார் முனையைத் திறந்து, ஒரு ஃபேஸை அளக்கும்போது மற்ற இரண்டையும் எர்த் செய்து பார்த்தோம். ஆர் ஃபேஸ் 125, ஒய் ஃபேஸ் 130, பி ஃபேஸ் 118. பி.ஐ. மூன்றிலும் 1.1க்கும் 1.2க்கும் இடையில்.

மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததுதான் இந்தக் கட்டத்தின் மிகப் பெரிய செய்தி. ஒரு காயிலில் காப்பு கிழிந்திருந்தால் ஒரு ஃபேஸ் மட்டும் விழுந்திருக்கும். மூன்றும் சேர்ந்து இறங்குவது ஈரமும் அழுக்கும் செய்யும் வேலை. ஸ்டார் முனையைத் திறப்பது சிரமம் என்று மூன்று ஃபேஸையும் சேர்த்தே அளந்துவிட்டுப் போகும் வழக்கம் பல நிலையங்களில் இருக்கிறது. அந்தச் சிரமத்தைப் படாமல் இந்த ஒப்பீடு கிடைக்காது.

ஒவ்வொரு பத்து நிமிடச் சோதனைக்குப் பிறகும் வைண்டிங்கைக் குறைந்தது நாற்பது நிமிடம் எர்த் செய்து வைத்தோம். மின்னேற்றிய நேரத்தைப்போல் நான்கு மடங்காவது மின்னிறக்க வேண்டும் என்பது விதி. உறிஞ்சப்பட்ட மின்னூட்டம் மெல்லத்தான் வெளியே வரும். எர்த்தை அவசரமாக எடுத்தால் அடுத்த அளவு பொய்யாகும் என்பது ஒருபுறம் இருக்க, முனையைத் தொடுபவருக்கு உயிராபத்து. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த நாற்பது நிமிடம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஈரம் வந்த வழி

இயந்திரம் நின்றிருந்த காலம் முழுவதும் காற்றுக் குளிர்விப்பான்களில் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே வெப்பம் தரும் இயந்திரம் நிற்கிறது, குழாய்கள் மட்டும் குளிர்ந்திருக்கின்றன. மூடிய அறையின் காற்றிலிருந்து நீர் அவற்றின்மேல் திரண்டு சொட்டியது. இதைத் தடுக்க வேண்டிய ஸ்பேஸ் ஹீட்டர்களின் பிரேக்கர் எப்போதோ விழுந்திருந்தது. அதற்கு அலாரம் இணைப்பு இல்லை. வைண்டிங்கின் மேற்பரப்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலைக்கு) கீழே போனால் எந்தப் புதிய ஜெனரேட்டரும் இப்படித்தான் காட்டும்.

ஈரம் மட்டும் இருந்திருந்தால் அளவு இவ்வளவு இறங்கியிருக்காது. பேரிங்கிலிருந்து வந்த எண்ணெய்ப் புகை வைண்டிங்கின் முனைப்பகுதிகளில் பிசுக்காகப் படிந்து, பிரேக் தூசியையும் கார்பன் பிரஷ் தூசியையும் பிடித்து வைத்திருந்தது. அந்தப் படலம் ஈரத்தைக் குடித்து மின்பாதையாகிவிட்டது.

சுத்தம் செய்வதில் அழுத்தக் காற்றுக்கு இடம் தரவில்லை. கார்பனையும் இரும்புத்தூளையும், காயில்கள் அமர்ந்திருக்கும் இரும்புப் பள்ளங்களான ஸ்லாட்டுகளுக்குள்ளும் காற்றுவழிகளுக்குள்ளும் திணிப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. முதலில் வாக்குவம் கிளீனர், பிறகு நூல் உதிராத துணியில் கரைப்பானை நனைத்துத் துடைப்பது. கரைப்பானை நேரே தெளிக்கக் கூடாது. அழுக்கு கரைந்து உள்ளே வழிந்துவிடும்.

இங்கேதான் கதை திசை திரும்பியது. மேல்முனையில் துடைத்துக்கொண்டிருந்தவரின் துணியில், கறுப்புப் பிசுக்கோடு வெள்ளைத் தூளும் ஒட்டிவந்தது. ஸ்லாட் வாயில்கள் சிலவற்றில் மட்டும். வேலையை அங்கேயே நிறுத்தி, மீதியைத் துடைக்காமல் ஸ்லாட் எண்ணோடு படமெடுக்கச் சொன்னேன். தூள் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற வரைபடம் எந்தக் கருவியின் அளவைவிடவும் மதிப்புள்ளது. ஒரு துணியில் அது காணாமல் போய்விடும்.

உலர்த்தல்

மூன்று ஃபேஸ்களையும் தொடராக இணைத்துக் குறைந்த மின்னழுத்தத்தில் நேர்மின்னோட்டம் செலுத்தியும், ஹீட்டர்களை இயக்கியும் உலர்த்தினோம். வைண்டிங்கின் வெப்பநிலையை மணிக்கு 5 டிகிரிக்கு மேல் ஏறவிடவில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் வேகமாக ஆவியானால் காப்பின் அடுக்குகளைப் பிளந்துவிடும். ஆவி வெளியேற மேல்மூடியில் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தோம். அதை மூடிவிட்டு உலர்த்துவது ஈரத்தை உள்ளேயே சுற்ற வைப்பதாகும்.

உலர்த்தலின் முதல் கட்டத்தில் காப்பு மின்தடை இன்னும் கீழே போகும். வெப்பம் ஏறுவதால் இயல்பாக இறங்குவது ஒன்று, ஈரம் இடம்பெயர்வது இன்னொன்று. பிறகு சிறிது காலம் தட்டையாக நிற்கும். அதன் பின்புதான் ஏறத் தொடங்கும். இந்த வளைவைப் பார்த்திராதவர்கள் முதல் இறக்கத்திலேயே பயந்து உலர்த்தலை நிறுத்திவிடுகிறார்கள். இங்கும் அந்தக் கோரிக்கை வந்தது. நிறுத்தவில்லை. 75 டிகிரியில் 95 மெகாஓம் என்று நிலைபெற்ற பின் ஆறவிட்டோம். 38 டிகிரியில் ஒரு நிமிட அளவு 1,300 மெகாஓம், பத்து நிமிட அளவு 4,900. பி.ஐ. 3.8.

ரோட்டர் வைண்டிங்கையும் 500 வோல்ட்டில் அளந்தோம். துருவங்களுக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்து ஒவ்வொன்றின் குறுக்கேயும் வீழ்ச்சியை ஒப்பிட்டோம். குறை ஒன்றும் இல்லை.

அருமையான அளவுக்குப் பின்னால்

நிலையத்தில் நிம்மதி பரவியது. 5,000 மெகாஓமுக்கு மேல் போனால்தான் பி.ஐ. பொருளிழக்கும். இங்கே அளவு அதற்குக் கீழே, எனவே 3.8 என்பது உண்மையான நற்சான்று. ஈரம் போய்விட்டது, மேற்பரப்பு சுத்தம். அவ்வளவுதான் அந்த எண்ணின் பொருள். வெள்ளைத் தூளைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவும் முடியாது.

ஏன் முடியாது என்பதை விளக்க வேண்டும். ஸ்லாட்டுக்குள் இருக்கும் காயிலின் வெளிப்புறத்தில் கரி கலந்த அரைக்கடத்திப் பூச்சு ஒன்று உண்டு. காயிலின் மேற்பரப்பை இரும்பு உள்ளகத்தின் எர்த் நிலையிலேயே வைத்திருப்பது அதன் வேலை. பூச்சு தேய்ந்தால், காயிலுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றிடைவெளி, மைக்காக் காப்போடு தொடராக நிற்கும் இன்னொரு காப்பாக மாறிவிடுகிறது. மாறுமின்னழுத்தத்தில் இவ்விரண்டும் மின்தேக்குத்திறனைப் பொறுத்து அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். எபாக்சி மைக்காவின் மின்கடவுத்திறன் ஏறத்தாழ 4, காற்றுக்கு 1. ஆகவே காற்றின்மேல் விழும் மின்புலம் மைக்காவின்மேல் விழுவதைப்போல் நான்கு மடங்கு. தாங்கும் வலிமையோ காற்றுக்குத்தான் மிகக் குறைவு. ஒவ்வொரு சுழற்சியிலும் அங்கே பொறி பறக்கும். அந்தப் பொறி விட்டுச்செல்லும் தடம்தான் வெள்ளைத் தூள். மெகரின் நேர்மின்னழுத்தத்தில் பங்கீடு மின்தடையைப் பொறுத்தது. மைக்காவின் மின்தடை மிகப் பெரிது. முழு அழுத்தத்தையும் அதுவே தாங்கிக்கொள்ள, இடைவெளிக்கு ஒன்றுமே வராது. மெகர் எத்தனை முறை சுற்றினாலும் இந்த நோயைத் தொடாது.

இந்த விளக்கத்தின் பேரில் கூடுதல் அவகாசம் கிடைத்தது. துருவம் புடைத்த ரோட்டர் என்பதால் முழு ரோட்டரையும் தூக்க வேண்டியதில்லை. இரண்டு துருவங்களைக் கழற்றினால் ஸ்டேட்டருக்கு ஒரு சன்னல் கிடைக்கும். ரோட்டரைக் கையால் மெல்லத் திருப்பி எல்லா ஸ்லாட்டுகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதலில், காயில்களை ஸ்லாட்டுக்குள் இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகள். சிறு சுத்தியலால் தட்டி, விரலை வைத்து உணர்வது பழைய முறை, இன்றும் நம்பகமானது. இறுகிய ஆப்பு கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மொத்தென்று ஒலித்து விரலுக்குக் கீழே அதிரும். ஆப்புகள் பல ஸ்லாட்டுகளில் தளர்ந்திருந்தன, மூன்று ஃபேஸ்களிலும், மின்னழுத்தம் மிகுந்த லைன் முனையருகிலும் அது மிகக் குறைந்த நியூட்ரல் முனையருகிலும். ஆனால் காற்றுவழிகளில் போரோஸ்கோப்பை நுழைத்துப் பார்த்தபோது வெள்ளைத் தூள் தெரிந்தது, தளர்ந்த ஆப்பும் லைன் முனைக் காயிலும் சேர்ந்திருந்த ஸ்லாட்டுகளில் மட்டுமே. பெரும்பகுதி பி ஃபேஸில். நியூட்ரல் பக்கத்தில் ஆப்பு தளர்ந்திருந்தும் தூள் இல்லை.

இந்த வேறுபாட்டில்தான் நோயின் பெயர் இருக்கிறது. காயில் அதிர்வதால் உண்டாகும் பொறிகளில் ஒரு வகை, மின்னழுத்தத்தைச் சாராதது. அரைக்கடத்திப் பூச்சு தேவைக்கு மேல் கடத்தும்போது, உள்ளகத்தின் காந்தப்பாயம் தூண்டும் மின்னோட்டம் அறுபட்டு அறுபட்டுப் பொறியாகிறது. அது நியூட்ரல் முனைக் காயில்களையும் விட்டுவைக்காது. இங்கே தாக்கம் மின்னழுத்தம் மிகுந்த காயில்களோடு நின்றுவிட்டது. ஆகவே இது ஸ்லாட் மின்னிறக்கம். காரணச் சங்கிலி தெளிவு: காலப்போக்கில் பொருள்கள் சுருங்கி ஆப்பு தளர்ந்தது, மின்வலை அதிர்வெண்ணின் இரு மடங்கில் காயில் அதிர்ந்தது, பூச்சு இரும்பில் உராய்ந்து தேய்ந்தது, தேய்ந்த இடத்தில் பொறி பிறந்து மீதிப் பூச்சையும் அரித்தது. மைக்கா பொறியைத் தாங்குவதில் வலியது. இல்லையென்றால் இந்த இயந்திரம் எப்போதோ நின்றிருக்கும்.

காப்பை முழுதாக முறிக்காத சிறு பொறிகளை அளக்கும் பகுதி மின்னிறக்கச் சோதனையும் இதையே சொன்னது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனியாக மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்த்தோம். ஆர், ஒய் ஃபேஸ்களில் மின்னிறக்கம் 4.8 கிலோவோல்ட் அளவில் தொடங்கியது. பி ஃபேஸில் 3.6 கிலோவோல்ட்டிலேயே தொடங்கிவிட்டது. ஓட்டத்தில் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நிற்பது 6.35 கிலோவோல்ட் என்பதை நினைவில் கொள்க. நேர்முனைத் துடிப்புகள் எதிர்முனைத் துடிப்புகளைவிட வெகுவாகப் பெரிதாக இருந்தன. காப்பின் வெளிப்புறத்தில், இரும்பை ஒட்டி நடக்கும் மின்னிறக்கத்தின் அடையாளம் அது. செம்பை ஒட்டிய அடுக்குப் பிளவாக இருந்தால் எதிர்முனைத் துடிப்புகள் பெருத்திருக்கும். துடிப்பின் அளவைப் பிகோகூலம்பில் சொல்லுங்கள், வேறு இயந்திரத்தோடு ஒப்பிடலாம் என்று கேட்டார்கள். மறுத்தேன். வைண்டிங்கின் வழியே வரும் துடிப்பு வழியிலேயே உருமாறிவிடுவதால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. அதே இயந்திரத்தில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதுதான் பயன் தரும்.

காப்பில் வீணாகும் ஆற்றலைக் காட்டும் டான் டெல்டா சோதனை பெரிதாக உதவவில்லை. மின்னழுத்தம் ஏறும்போது பி ஃபேஸில் மதிப்பு சற்றே அதிகம் உயர்ந்தது. முழு ஃபேஸின் சராசரியைத்தான் அது காட்டுகிறது. சில காயில்களின் கேடு நல்ல காயில்களின் கூட்டத்தில் கரைந்துவிடும்.

உயர் மின்னழுத்தச் சோதனை பற்றிய விவாதம்

லைன் மின்னழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, 16.5 கிலோவோல்ட் மாறுமின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்தி, தாங்கினால் ஓட்டிவிடலாம் என்ற யோசனை வலுவாக முன்வைக்கப்பட்டது. நான் எதிர்த்தேன். மைக்காச் சுவரின் பெரும்பகுதி இன்னும் நல்ல நிலையில் இருந்தது. சோதனையில் இந்த வைண்டிங் பெரும்பாலும் தேறியிருக்கும். பொறி அப்படியே தொடர்ந்திருக்கும். தாங்குமா தாங்காதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தரும் சோதனை, தேய்மானம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்லாது. பழுது பார்த்த பிறகு நேர்மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு உடன்பட்டோம். கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கினால் முறிவுக்கு முன்பே நிறுத்திவிடலாம் என்பதால் அதையே நான் விரும்புகிறேன். பராமரிப்புச் சோதனைக்கு 11 கிலோவோல்ட்டின் 1.25 மடங்கு, அதற்கு இணையான நேர்மின்னழுத்தத்துக்கு இன்னும் 1.7 மடங்கு, ஆக ஏறத்தாழ 23.4 கிலோவோல்ட். மூன்று ஃபேஸ்களும் கடைசிவரை நேர்கோட்டிலேயே நின்றன.

செய்த பழுது

தளர்ந்த ஆப்புகளை எடுத்துவிட்டு, அடியில் அலைவடிவ வில்தகடு வைத்துப் புதிய ஆப்புகளை இறுக்கினோம். சாதாரணத் தட்டைப் பட்டை மட்டும் வைத்தால் சுருங்கியதும் மறுபடி தளரும். வில்தகடு தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். தூள் கண்ட ஸ்லாட்டுகளில் காற்றுவழிகள் வழியே கடத்தும் தன்மையுள்ள சிலிக்கோன் கலவையைச் செலுத்தி, காயில் மேற்பரப்புக்கும் இரும்புக்கும் தொடர்பை மீட்டோம். கலவை எட்டாத இடங்கள் உள்ளே இருக்கத்தான் செய்யும். அதனால் இதை முழுக் குணம் என்று நிலையத்துக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது நடவடிக்கை பலருக்கு வியப்பளித்தது. லைன் முனையையும் நியூட்ரல் முனையையும் இடம் மாற்றினோம். கேடு கண்ட காயில்கள் நியூட்ரல் பக்கத்துக்கு, அதாவது மின்னழுத்தம் மிகக் குறைந்த இடத்துக்குப் போய்விட்டன. இதுவரை மின்னழுத்தமே தெரியாமல் இருந்த காயில்கள் லைன் பக்கத்துக்கு வந்தன. ஒரு ஃபேஸில் மட்டும் இதைச் செய்ய முடியாது, மும்முனைச் சமநிலை குலைந்துவிடும். மூன்றிலும் சேர்த்தே செய்ய வேண்டும், வெளிவரும் இணைப்புகளின் அமைப்பும் இடம் கொடுக்க வேண்டும். இங்கே கொடுத்தது. பொறிக்குக் காரணம் மின்னழுத்தம் என்று உறுதியானதால்தான் இந்த வழி திறந்தது. அதிர்வுப் பொறியாக இருந்திருந்தால் இந்த மாற்றத்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. தூளின் வரைபடத்தைத் துடைத்துவிடாமல் காத்ததன் பலன் இங்கே கிடைத்தது.

ஓட்டத்துக்கு வந்த பின்

ஸ்பேஸ் ஹீட்டர் பிரேக்கருக்கு அலாரம் இணைக்கப்பட்டது. இயந்திரம் நின்றால் குளிர்நீர் வால்வை மூடுவது இயக்கக் குறிப்பில் சேர்ந்தது. பேரிங்கின் எண்ணெய்ப் புகைச் சீல்கள் மாற்றப்பட்டன. மெகர் பதிவேட்டில் இனி வைண்டிங் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், பனிநிலை, எவையெல்லாம் இணைந்திருந்தபோது அளந்தார்கள் என்ற விவரம் எல்லாம் எழுதப்பட வேண்டும். பழைய பதிவேட்டில் எண்கள் மட்டுமே இருந்ததால், அவற்றில் ஒன்றைக்கூட இந்த ஆய்வில் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியாமல் போயிற்று.

ஒவ்வொரு ஃபேஸின் லைன் முனையிலும் 80 பிகோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் பொருத்தப்பட்டு, ஓடும்போதே பகுதி மின்னிறக்கம் அளக்கப்படுகிறது. முதல் அளவுகளில் பி ஃபேஸ் மற்ற இரண்டோடு ஒத்துப்போகிறது. அந்த அளவுகளை ஒரே சுமையிலும் ஒரே வைண்டிங் வெப்பநிலையிலும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே வெப்பநிலையில் சுமை கூடும்போது மின்னிறக்கமும் கூடினால் காயில்கள் மறுபடி அசையத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது அடுத்த நிறுத்தத்துக்குக் காத்திராமல் துருவங்களைக் கழற்றி ஆப்புகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். லைன் பக்கத்துக்கு வந்திருக்கும் காயில்களின் ஆப்புகளையே முதலில் பார்க்க வேண்டும். முழு மின்னழுத்தத்தைச் சுமப்பவை இப்போது அவைதான், அவற்றின் பூச்சும் அத்தனை காலம் அதிர்ந்த ஸ்லாட்டுகளில் இருந்ததுதான்.